உதவியுரை உதவுதல் வேண்டும்
(பொழிவின் எழுத்து வடிவம்)



ஒரு காட்சியை மனக்கண்முன் நிறுத்திப் பாருங்கள். நள்ளிரவு. ஒரு மருத்துவமனையின் கணிப்பொறி அறை. நோயாளரின் குறிப்புகள் அடங்கிய வட்டு ஒன்று பழுதாகிக் கொண்டிருக்கின்றது. அதிலுள்ளவற்றையெல்லாம் விடியுமுன் வேறொரு வட்டிற்குப் படியெடுத்தாதல் வேண்டும். பொறுப்பிலிருப்பவர் ஓர் இளைஞர். துணைக்கு ஆளில்லை. முன்னே கருந்திரை, அதில் ஓர் ஒற்றைக் குறி மின்னி மின்னி நிற்கின்றது. வட்டிலிருந்து வட்டிற்கு அப்படியே படியெடுக்கும் 'டிடி' என்னும் கட்டளை உண்டு என்பதை அவர் அறிவார். அக் கட்டளைக்கு எங்கிருந்து எடுப்பது என்பதை 'ஐஎஃப்' என்றும், எங்கே எழுதுவது என்பதை 'ஓஎஃப்' என்றும் தருதல் வேண்டும். இரண்டற்கும் வேறுபாடு ஓரெழுத்தே. இரண்டும் இடம் மாறினால் வெற்று வட்டு நிறைவட்டின்மேல் எழுதப்பெறும்; உள்ளது அழியும்.

இளைஞர் ஐயுறுகின்றார், உதவி கேட்கின்றார். வரிகள் திரையில் விரைந்தோடுகின்றன. தேடிய வரி மேலே ஓடி மறைந்துவிட்டது. அவ்விளைஞர்க்கும் அவ்விழப்பிற்கும் நடுவே நிற்பது ஒன்றே ஒன்று. அது எவரோ ஒருவர், எங்கோ ஒருநாள், எழுதிவைத்த உதவியுரை. அவ்வுரை ஒழுங்குற அமைந்திருப்பின் அவர் பிழைத்தார். அமையாதிருப்பின் பிழைத்தது அவர் கை!

இப் பொழிவின் பொருள் இதுவே. படமும் சுட்டியும் இன்றி, எழுத்தாலேயே கட்டளையிட்டு இயக்கும் கருவிகளைக் கட்டளைவரிக் கருவிகள் என்பர். உலகின் பெருங்கணிப்பொறிகளுள் மிகப் பல இன்றும் இக் கருவிகளாலேயே ஆளப்பெறுகின்றன. அக் கருவிகள் தம்மைப் பற்றித் தாமே கூறும் சிற்றுரையே உதவியுரை. அவ்வுரையின் அமைப்பைத் திருத்துவது அழகுவேலை அன்று, அறவேலை. வரி எங்கு முறிகின்றது, எது முன் நிற்கின்றது, எது எதனோடு சேர்ந்து நிற்கின்றது என்பனவெல்லாம் பொருளின் பகுதிகளே.

முதற்கண் வரலாற்றைச் சிறிது நோக்குதல் வேண்டும்.

1969ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டுப் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சனும் தென்னிசு இரிச்சியும் யூனிக்சு என்னும் இயக்குதளத்தைத் தொடங்கினர். அதன் முதற் கையேடு 1971 நவம்பர் 3 என்னும் நாளிட்டு வெளிவந்தது. அக் கையேட்டில் ஒவ்வொரு கட்டளைக்கும் ஒரே வகை அமைப்பு. முதலில் பெயர், அடுத்துக் கட்டளையின் வடிவம், அதன்பின் விளக்கம், தொடர்புடைய கோப்புகள், ஒப்பு நோக்கற்குரிய பிற கட்டளைகள், பிழை நேருங்கால் தோன்றும் செய்திகள், இறுதியில் வழுக்கள். ஆம், அவையீர்! தம் கருவியின் குறை இன்னது என்று கூறுதற்கென்றே ஒரு தலைப்பை அவர்கள் ஒதுக்கினர். அதனினும் ஒருபடி மேலாக, அக் கட்டளைக்குப் பொறுப்பாளர் இன்னார் என்பதையும் கீழே குறித்தனர். கருவி செய்தவன் மறைந்து கொள்ளவில்லை, முன்வந்து நின்றான். இவ்வொழுங்கு நிலைபெறுதற்குப் பாடாற்றியவருள் தக்ளசு மெக்கில்ராய் குறிப்பிடத்தக்கவர். 1979இல் வெளிவந்த ஏழாம் பதிப்புக் கையேட்டைத் தொகுத்தவரும் அவரே. அரை நூற்றாண்டிற்கு மேலாகியும் கையேட்டுப் பக்கங்கள் பெரும்பாலும் அவ்வொழுங்கிலேயே இன்றும் நிற்கின்றன.

அன்றைக்குத் திரை இல்லை. தாளில் தட்டச்சிடும் தொலையச்சுப் பொறியே முனையம். அதன் விரைவு நொடிக்குப் 10 எழுத்து. 70 எழுத்துக் கொண்ட ஒரு வரிக்கு 7 நொடி. 30 வரி உதவியுரைக்கு மூன்றரை மணித்துளி! இக் கரணியத்தால் அக்காலக் கருவிகள் வாய்பேசா நோன்பு பூண்டன. 'எட்' என்னும் தொகுப்பி, பிழை நேர்ந்தால் ஒரு கேள்விக்குறியை மட்டும் இட்டு அமைந்துவிடும். இன்னது பிழை என்று கூறாது. அன்று அது சிக்கனம். இன்று அதனைப் பின்பற்றுவது கஞ்சத்தனம்.

வரி நீளமும் அவ்வாறே வந்து சேர்ந்த ஒன்று. 1928இல் ஐபிஎம் நிறுவனம் 80 நெடுவரிசை கொண்ட துளையட்டையைக் கொணர்ந்தது. 1978இல் வந்த விடி100 முனையமும் 80 நெடுவரிசை, 24 வரி என்னும் அளவினது. அட்டையும் போயிற்று, அம் முனையமும் போயிற்று, ஆனால் 80 என்னும் எண் மட்டும் நிலைத்துவிட்டது. அதனைப் பழமை என்று எள்ளி ஒதுக்குதல் வேண்டா. மிக நீண்ட வரியில் கண் அடுத்த வரியின் தொடக்கத்தைத் தவறவிடும் என்பதை அச்சுத்தொழிலாளர் எவரும் அறிவர். பழைய எல்லைக்குப் புதிய பயனும் உண்டு.

1983இல் இரிச்சர்டு இசுட்டால்மன் குனூ இயக்கத்தை அறிவித்தார். அவ்வியக்கத்தின் நிரலாக்க நெறிகள், ஒவ்வொரு கருவியும் இருகோடிட்ட 'எல்ப்' என்னும் தெரிவை ஏற்றுத் தன்னைப் பற்றிச் சுருங்கக் கூறிப் பின் அமைதியாக முடிதல் வேண்டும் என்று வகுத்தன. பயனாளர் கேட்ட உதவியுரை இயல்பான வெளியீட்டு வழியிலேயே செல்லுதல் வேண்டும். பிழைச்செய்திக்குரிய வழியில் செல்லலாகாது என்பதும் அந் நெறி. இது சிறு செய்தியன்று. உரை இயல்வழியில் வந்தாலன்றோ குழாய் வழியே பக்கம்பக்கமாகப் பிரித்துக் காட்டும் கருவிக்கு அதனை எளிதில் அனுப்ப இயலும்!

இனிக் குறைகளைக் காண்போர் காண்க.

நூற்குரிய பத்துக் குற்றங்களை நன்னூற் பாயிரம் வகுத்துரைக்கின்றது. அவற்றுள் குன்றக் கூறல், மிகைபடக் கூறல், மயங்க வைத்தல் என்னும் மூன்றையும் கையில் எடுத்துக் கொண்டு இற்றை உதவியுரைகளை அளந்தால் போதும், நோய் விளங்கிவிடும்.

குன்றக் கூறலாவது யாது? 'வேகம்: வேகத்தை அமைக்கும்' என்பது போன்ற உரை. எவ்வளவு? எந்த அலகில்? குறிப்பிடாவிட்டால் என்ன நிகழும்? ஒன்றும் இல்லை. பெயரையே திருப்பிச் சொல்லி விளக்கமாக்குவது, தண்ணீர் எது என்று கேட்டவனுக்குத் தண்ணீர்தான் தண்ணீர் என்று விடையிறுப்பதாகும்.

மிகைபடக் கூறலாவது, கேட்டவர்க்கு வேண்டாதவற்றையும் ஒருங்கே கொட்டுதல். இதற்கொரு சான்றும், அதனைத் திருத்திய நற்சான்றும் ஒரே கருவியில் உண்டு. வலையிலிருந்து கோப்புகளைக் கொணரும் 'கர்ல்' என்னும் கருவி 1998இல் வெளிவந்தது. சுவீடன் நாட்டுத் தானியல் இசுட்டென்பர்கு ஆக்கியது. ஆண்டுகள் செல்லச் செல்ல அதன் தெரிவுகள் இருநூற்றுக்கு மேற்பட்டன. உதவி கேட்டால் அத்தனையும் அகரநிரலில் அணிவகுத்து ஓடின. 2020 அக்தோபரில் வந்த 7.73.0 பதிப்பில் அவர்கள் அதனை மாற்றினர். உதவி என்று மட்டும் கேட்டால் அடிக்கடி வேண்டப்பெறும் சிலவே தோன்றும். வகையின் பெயரைச் சொல்லிக் கேட்டால் அவ்வகை தோன்றும். எல்லாம் வேண்டும் என்பார்க்கு எல்லாம் தோன்றும். ஒன்றையும் மறைக்கவில்லை, ஒழுங்குபடுத்தினர். அவ்வளவே! 2005இல் தோன்றிய 'கிட்' என்னும் கருவியும் இன்று தன் பொதுக் கட்டளைகளை அகரநிரலில் அன்றி, பணி தொடங்கல், நடப்புமாற்றத்தைக் கையாளல், வரலாற்றை ஆராய்தல், பிறரோடு கூடிப் பணியாற்றல் என வினைவகையாற் பிரித்தே காட்டுகின்றது. அகரநிரல் பெயரறிந்தார்க்கு உதவும். பெயர் அறியாதார்க்கு வினைநிரலே உதவும். உதவி கேட்பவர் யார்? பெயர் அறியாதவரே அல்லரோ?

மயங்க வைத்தலாவது, ஒரே குறிக்குப் பல பொருள் நின்று மயக்குதல். ஒற்றைக்கோடிட்ட 'என்' என்னும் எழுத்தை எடுத்துக் கொள்ளுங்கள். 'ஆர்சிங்க்' கருவியில் அது ஒத்திகை. எதையும் மாற்றாமல் நிகழவிருப்பதை மட்டும் காட்டும். 'சார்ட்' கருவியில் எண்மதிப்பால் வரிசைப்படுத்தும். 'செட்' கருவியில் தானாக அச்சிடுதலை நிறுத்தும். 'சிபி' கருவியில் இருக்கும் கோப்பின்மேல் எழுதாமற் காக்கும். ஒரு கருவியிற் பழகிய கை வேறொரு கருவியில் இடறும். இவ்வெழுத்துகளை இனி மாற்ற இயலாது, உலகம் பழகிவிட்டது. மாற்ற இயல்வது உதவியுரை ஒன்றே. ஆகலின் ஓரெழுத்துத் தெரிவின் அருகே அதன் முழுப்பெயரும் தவறாது நிற்றல் வேண்டும்.

நான்காவது குற்றம் ஒன்றும் உண்டு. அது கணிப்பொறிக்கே உரியது. பயனாளர் ஓரெழுத்தைப் பிழையாக இட்டால், கருவி சினந்து முழு உதவியுரையையும் அவர் முகத்தில் எறிகின்றது. எது பிழை என்னும் ஒரு வரி, நூறு வரிக்கு மேலே ஏறி மறைந்துவிடுகின்றது. பிழை நேர்ந்தவிடத்து வேண்டுவன மூன்றே: இன்ன தெரிவை அறியேன் என்பது, இதனையோ எண்ணினீர் என்பது, முழு உதவிக்கு இன்னவாறு கேட்க என்பது. இரண்டு மூன்று வரியில் முடியும்.

இனி, திருத்தம் யாங்ஙனம் அமைதல் வேண்டும்? சொல்லிற் கூறுவதினும் காட்டுவது நன்று. அடைவுகளைப் படியெடுக்கும் 'காப்பு' என்னும் ஒரு கருவியைப் புனைந்து கொள்ளுங்கள். ஒழுங்கற்ற உதவியுரை இவ்வாறிருக்கும்:

காப்பு [-ஒவிநீ] கோப்பு கோப்பு
-ஒ ஒத்திகை -வி விரைவு -நீ நீக்குதலை இயக்கும்

இரண்டு 'கோப்பு' நிற்கின்றன. எது தருவது, எது பெறுவது? நீக்குதல் எனின் எங்கிருந்து எதனை நீக்கும்? மருத்துவமனை இளைஞர்க்கு இதனாற் பயன் என்ன? அதனையே திருத்தினால்:

காப்பு: ஓர் அடைவிலுள்ள கோப்புகளை வேறோர் இடத்திற்குப் படியெடுக்கும்.

பயன்பாடு:
  காப்பு [தெரிவுகள்] <இருப்பிடம்> <சேரிடம்>

எடுத்துக்காட்டு:
  காப்பு --ஒத்திகை கணக்குகள் புறவட்டு
      கணக்குகள் அடைவிலிருந்து புறவட்டிற்குச் செல்லவிருப்பவற்றைக் காட்டும்

நாள்தோறும் வேண்டுவன:
  -ஒ, --ஒத்திகை
      எதையும் மாற்றாமல், நிகழவிருப்பதை மட்டும் காட்டும்
  -வி, --விரைவு=<எண்>
      நொடிக்கு இத்தனை மெகாபைட்டுக்கு மேல் அனுப்பாது
      (குறிப்பிடாவிடின்: வரம்பில்லை)

இழப்பு நேரக்கூடியன:
  --நீக்கு
      இருப்பிடத்தில் இல்லாதவற்றைச் சேரிடத்திலிருந்து அழிக்கும்; மீட்க இயலாது

வேறுபாட்டை நோக்குக. கருவி ஒன்றே, தெரிவுகளும் அவையே. ஆனால் முதல் வரி இஃது யாது என்று கூறுகின்றது. இரண்டாவது, வடிவத்தைக் காட்டுகின்றது. சதுர அடைப்பு விரும்பினால் இடுவது; கோண அடைப்பு கட்டாயம் இடவேண்டுவது. பல இடலாம் எனின் மூன்று புள்ளி. இதுவோ அதுவோ எனின் நடுவே நெடுங்கோடு. இவை உதவியுரையின் இலக்கணம். கருவிக்குக் கருவி மாறலாகாதவை. அடுத்து எடுத்துக்காட்டு. நூற்பாவை மட்டும் ஓதி இலக்கணம் கற்றவர் சிலர். உரையாசிரியர் காட்டும் எடுத்துக்காட்டால் கற்றவரே பலர். குனூவின் 'தார்' என்னும் பொதிகருவி தன் நெடிய உதவியுரையின் தொடக்கத்திலேயே எடுத்துக்காட்டுகளை நிறுத்துவது இக் கரணியம் பற்றியே பாராட்டற்குரியது. அதன்பின் வினைவகைத் தலைப்புகள். இழப்பு நேரக்கூடியன தனித்து நிற்கின்றன. அதற்கு ஓரெழுத்துச் சுருக்கம் தரப்பெறவில்லை என்பதையும் கண்டிருப்பீர்கள். கைதவறி இடுவதற்கு எளிதாக அழிவைச் செய்து வைத்தல் ஆகாது.

நிறத்தைப் பற்றியும் ஒரு சொல். தலைப்பைத் தடித்த எழுத்திலோ நிறத்திலோ காட்டுவது நன்றே. ஆயின் வெளியீடு திரைக்குச் செல்லாமல் கோப்பிற்கோ குழாய்க்கோ செல்லுங்கால், நிறக்குறிகள் பொருளற்ற எழுத்துக் குப்பையாக விழும். ஆகலின் முன்னே இருப்பது முனையமா என்று கருவி ஆய்ந்தறிந்தே நிறமிடல் வேண்டும். நிறம் வேண்டா என்பார் ஒரே சூழல்மாறியால் எல்லாக் கருவிக்கும் அதனை அறிவிக்கும் வழக்கு 2017இல் முன்மொழியப்பெற்றது. அதனை மதித்தல் வேண்டும். பொருளை நிறத்தால் மட்டும் உணர்த்துதல் எஞ்ஞான்றும் கூடாது. சிவப்பும் பச்சையும் பிரித்தறியாக் கண்ணுடையாரும், திரையைப் படித்துக் காட்டும் கருவியால் செவிவழி அறிவாரும் உளர். இழப்பு நேரும் என்பதைச் சொல்லாற் சொல்லுக. நிறம் அதற்குத் துணை நிற்க.

இனித் தமிழுக்கும் இதற்கும் உள்ள உறவு யாது? மெய்யாகவே ஓர் உறவு உண்டு.

1995இல் வந்த குனூவின் 'கெட்டெக்சுட்டு' என்னும் அமைப்பு, கருவியின் சொற்றொடர்களை வெவ்வேறு மொழிகளில் பெயர்த்து வைத்துக் கொள்ள வழி செய்தது. 1991இல் வெளிவந்த முதல் ஒருங்குறிப் பதிப்பிலேயே தமிழும் இடம்பெற்றிருந்தது. எனவே உதவியுரை தமிழிற் பேசத் தடையில்லை. ஆயினும் பெயர்த்த உரையைத் திரையில் இட்டதும் நெடுவரிசைகள் கோணிக் குலைகின்றன. ஏன்?

'தமிழ்' என்னும் சொல்லையே எடுத்துக் கொள்ளுங்கள். கற்ற சிறுவனைக் கேட்டால் எழுத்து மூன்று என்பான். ஒருங்குறியைக் கேட்டால் த, ம, இகரக்குறி, ழ, புள்ளி என ஐந்து என்னும். பைத்தான் மொழியின் நீளங்காண் செயலும் 5 என்றே விடை தரும். யுடிஎஃப்-8 முறையிற் சேமித்தால் ஒவ்வொன்றற்கும் மூன்று பைட்டாக 15. சி மொழியின் வழக்கமான அச்சிடு செயல், வெற்றிடம் இட்டு நிரப்புங்கால் இப் பதினைந்தையே எண்ணுகின்றது. முனையங்கள் பலவோ புள்ளிக்கு இடமில்லை, இகரக்குறிக்கு ஓரிடம் என்று கொண்டு நான்கு கட்டம் ஒதுக்குகின்றன. மூன்று, நான்கு, ஐந்து, பதினைந்து! ஒரே சொல்லுக்கு நான்கு அளவு. அளவுகோல் வேறுபட்டால் சுவர் நேராக நிற்குமா? குறை தமிழிடம் இல்லை. பைட்டு ஒன்று, எழுத்து ஒன்று, கட்டம் ஒன்று என்று கொண்ட பழைய கணக்கில் உள்ளது.

இதற்குத் தீர்வு உண்டு. அது மேலே காட்டிய எடுத்துக்காட்டிலேயே இருக்கின்றது. தெரிவை இடப்புறமும் விளக்கத்தை வலப்புறமுமாக இருநெடுவரிசையில் நிறுத்தாமல், விளக்கத்தை அடுத்த வரியில் உள்தள்ளி எழுதுக. அப்பொழுது எந்த நீளத்தையும் அளக்க வேண்டுவதில்லை. உள்தள்ளல் வெற்றிடத்தால் ஆயது ஆகலின் எம்மொழியிலும் கோணாது. தமிழுக்கு மட்டுமன்று, நீண்ட தெரிவுப் பெயர் கொண்ட எல்லாக் கருவிக்கும் இவ்வமைப்பு உறுதியானது.

சொற்றொடரிலும் ஒரு நெறி வேண்டும். ஆங்கிலத்தில் எழுதுவோர் தொடரைத் துண்டு துண்டாக வெட்டி, நடுவே கோப்பின் பெயரைச் செருகி ஒட்டுகின்றனர். தமிழில் வினை இறுதியில் நிற்கும். பெயரோடு வேற்றுமையுருபு ஒட்டும். வெளியிலிருந்து வந்து விழும் பெயரோடு 'ஐ' உருபை ஒட்டினால் சொல் சிதையும். ஆகலின் ஆக்குவோர் முழுத்தொடராகவே பெயர்ப்பாளரிடம் தருதல் வேண்டும். செருகுமிடங்கள் முன்பின்னாக மாறவும் இடந்தருதல் வேண்டும். பெயர்ப்போர் ''இன்னது' என்னும் கோப்பை' என்று அமைத்துக் கொண்டால் எப்பெயர் வரினும் உருபு பிழையாது. விளக்கங்கள் 'காட்டும்', 'அழிக்கும்' என ஒரே வினைவடிவில் நிற்றலும் வேண்டும். ஒருவரி 'காட்டுக' என்றும், அடுத்த வரி 'காட்டுதல்' என்றும், மற்றொன்று 'காட்டுகிறது' என்றும் நின்றால் படிப்போர் கருத்துத் தடுமாறும்.

இறுதியாக ஒன்று. உதவியுரையை எழுதி முடித்தவர் தாமே படித்து மகிழ்தல் ஆய்வாகாது. அக் கருவியை அறியாத ஒருவரை அழைத்து, முனையத்தின்முன் அமர்த்தி, ஒரு வேலையைக் கொடுத்து, வாய் திறவாமல் அருகிருந்து பார்த்தல் வேண்டும். அவர் கண் எங்கே தேடுகின்றது, எங்கே தயங்குகின்றது என்பதே திருத்தம் வேண்டும் இடம். கையேடும் உதவியுரையும் ஒன்றுக்கொன்று மாறுபடாமல் ஒரே ஊற்றிலிருந்து பிறத்தலும் வேண்டும். உதவியுரையிலிருந்தே கையேட்டுப் பக்கத்தை ஆக்கித் தரும் கருவி குனூவில் உண்டு.

அவையீர்! கருவி செய்யும் ஆற்றல் இளைஞரிடம் நிறைந்து கிடக்கின்றது. கருவி செய்தவன் எல்லாம் அறிவான்; அதனால் அறியாதவன் நிலை அவனுக்கு மறந்துவிடுகின்றது. அம் மறதியை வெல்லும் பணியே உதவியுரை எழுதுதல். நள்ளிரவில், தனிமையில், நடுங்கும் விரலோடு ஒருவர் உதவி என்று கேட்பார். அவர் முகம் தெரியாது, ஊர் தெரியாது. அவர்க்கு விடை தருதற்கு எழுதியவர் அங்கிருக்கப் போவதில்லை. எழுதிய வரிகளே இருக்கும். அவ்வரிகள் அவர் கையைப் பிடித்து, இது இருப்பிடம், இது சேரிடம், முதலில் ஒத்திகை பார், நீக்குமுன் நின்று எண்ணு என்று சொல்லுமாயின், அங்கே ஒரு வட்டு பிழைக்கும். அதன் பின்னே எத்தனையோ நோயாளரின் குறிப்பும் பிழைக்கும்.

கருவி செய்வோரே, இன்றிரவே உம் கருவியிடம் உதவி கேட்டுப் பாரும். அது தரும் விடையை அறியாதார் ஒருவர் கண்கொண்டு படியும். திருத்தற்குரியது எது என்று அதுவே சொல்லும். திருத்துக!